என்னை ஏன் கண்டிக்கிறீர்?

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நடுத்தர வயதுடைய பெண்மணி ஒருவர் நம்மிடம் வந்து நின்றார். அவருடைய கணவர் குடிக்கிறார்; பதினாறு ஆண்டுகளாகக் குடிக்கிறார். அரசு மருத்துவமனையில் பார்த்த மருத்துவர் இது ஒரு நோய் என்று சொல்லியிருக்கிறார். பங்கில் தியானம் கொடுக்க வந்த குருவானவர் இது பாவம் என்று சொல்லியிருக்கிறார். மாமியாரோ, மகனுடைய தலையெழுத்து அப்படி என்கிறார். "நோய் என்றால் நான் அவரைத் திட்டக்கூடாது. பாவம் என்றால் திட்டாமல் இருக்கக்கூடாது. தலையெழுத்து என்றால் திட்டியும் பயன் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும் ஐயா?" என்று கேட்டார்.

நம்மிடம் உடனே விடை இல்லை. மனிதனுடைய சித்தம் சுதந்திரமானதா, சுதந்திரமானது என்றால் எந்த அளவுக்கு, தான் செய்ததற்கு அவன் எவ்வளவு பொறுப்பாளி என்பனவெல்லாம் மெய்யியலார் தம் அறைகளில் அமர்ந்து பேசும் பொருள்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பெண்மணிக்கு அது அன்று இரவு எட்டு மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்கும்போது எந்த முகத்தோடு திறப்பது என்னும் கேள்வி. திருச்சபையின் வரலாற்றைப் புரட்டினால், இக்கேள்வி ஏறத்தாழ இதே உருவத்தில், ஏறத்தாழ இதே வேதனையோடு, 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்ததைக் காண்கிறோம்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியா நாட்டின் கிழக்குக் கடற்கரையில், சூஸ் என்னும் நகரம் இருக்கிறது. உரோமையர் காலத்தில் அதன் பெயர் ஹத்ருமேத்தும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே துறவியர் மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் வாலெந்தினுஸ். படிப்பில் பெயர் பெற்ற மடம் அன்று; எளிய மனிதர்கள் செபித்தும் உழைத்தும் வாழ்ந்த இடம். அம்மடத்தைச் சேர்ந்த புளோருஸ் என்னும் துறவி, 426-ஆம் ஆண்டை ஒட்டி, தம் சொந்த ஊராகிய உசாலிசுக்குப் பயணம் போனார். அங்கிருந்த மடத்து நூலகத்தில், இப்போ நகரின் ஆயர் புனித அகுஸ்தினார் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றின் பிரதி அவர் கண்ணில் பட்டது. 418-ஆம் ஆண்டில், சிக்ஸ்துஸ் என்னும் உரோமைக் குருவுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. (இந்தச் சிக்ஸ்துசே பின்னர், 432-இல், மூன்றாம் சிக்ஸ்துஸ் என்னும் பெயரில் திருத்தந்தையானார்.) புளோருஸ் வாசிக்க, உடன் வந்த பெலிக்ஸ் எழுதிக்கொண்டார். புளோருஸ் அங்கிருந்து கார்த்தேஜுக்குப் போய்விட, பிரதியோடு பெலிக்ஸ் மடம் திரும்பினார். மடத்துத் தலைவருக்குத் தெரியாமலே அதைச் சகோதரர்களுக்கு வாசித்துக் காட்டினார்.

கடிதத்தின் சாரம் இது: மனிதன் செய்யும் நன்மை எதுவும் அவன் தானே ஈட்டிய சொத்து அன்று, நம்முடைய நற்பேறுகளுக்கு இறைவன் முடிசூட்டும்போது தம்முடைய கொடைகளுக்கே முடிசூட்டுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், பெற்றுக்கொள்ளாதது எதையேனும் நீ வைத்திருக்கிறாயா என்னும் பொருள்பட புனித பவுல் கேட்ட கேள்வியை (4:7) அகுஸ்தினார் தம் முதுமையில் விடாமல் திரும்பத் திரும்ப எடுத்தார். பெலாஜியுஸ் என்பவரோடு அவர் பல்லாண்டுகள் நிகழ்த்திய வாதத்தின் அச்சு அந்த ஒரு வசனமே எனலாம்.

பெலாஜியுசைப் பற்றி ஒரு வார்த்தை. பிரித்தானியத் தீவுகளிலிருந்து உரோமைக்கு வந்த தவசீலர் அவர். பெயருக்குக் கிறிஸ்தவர்களாய் வாழ்ந்த உரோமைச் செல்வர்கள், 'என்ன செய்வது, மனித பலவீனம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதைக் கண்டு அவர் உள்ளம் கொதித்தது. இயலாததை இறைவன் கட்டளையிடுவாரா, கட்டளை இருக்கிறது என்றால் அதை நிறைவேற்றும் ஆற்றலும் நம்மிடம் இருக்கிறது என்று அவர் போதித்தார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்களின் சங்கம் அக்கொள்கையைக் கண்டித்தது. கண்டித்தது முறையே. எனினும், அவரை வெறும் தீயவராக வரைவதில் நமக்கு உடன்பாடு இல்லை. மனிதர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதைப் பொறுக்காத மனம் அது. அவர் காணத் தவறியது, எழ முயன்று முயன்று விழும் மனிதனையே.

ஹத்ருமேத்துமுக்குத் திரும்புவோம். கடிதம் வாசிக்கப்பட்டதும் மடம் இரண்டுபட்டது. எல்லாம் அருள்தான் என்றால் நம் சித்தத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டனர். வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படியானால் இறுதி நாளில் ஒவ்வொருவருக்கும் அவரவர் செயலுக்கு ஏற்பத் தீர்ப்பு என்பதற்கே இடம் இல்லையே என்றனர். கார்த்தேஜிலிருந்து திரும்பிய புளோருஸ்மீது பழி விழுந்தது. செய்தி தாமதமாகவே தலைவர் வாலெந்தினுசின் காதுக்கு எட்டியது. உசாலிஸ் ஆயர் எவோதியுசின் அறிவுரையும் பலன் தரவில்லை. இறுதியில் கிரஸ்கோனியுஸ், பெலிக்ஸ் என்னும் இரண்டு இளந்துறவிகள் (இந்தப் பெலிக்ஸ் வேறொருவர்) அகுஸ்தினாரையே நேரில் காணப் புறப்பட்டனர்.

அப்போது அவருக்கு வயது எழுபதுக்கும் மேல். மறைமாவட்ட வேலை, வழக்குத் தீர்த்தல், முடிக்க வேண்டிய நூல்கள் என்று நேரம் போதாத காலம். ஆனால் ஒரு சிறிய மடத்திலிருந்து வந்த இளைஞர் இருவரை அவர் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பாஸ்கா விழா முடியும்வரை தம்மோடு தங்கவைத்தார். அவர்கள் கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தில் அவர் எழுப்பிய வினாக்கள் இரண்டு. அவற்றின் பொருளை நம் சொற்களில் இப்படித் தரலாம்: இறையருள் என்று ஒன்று இல்லையானால் இறைவன் உலகத்தை எவ்வாறு மீட்பார்? மனச்சுதந்திரம் என்று ஒன்று இல்லையானால் அவர் உலகத்துக்கு எவ்வாறு தீர்ப்பிடுவார்? இரண்டில் எதையும் விட்டுவிடக் கூடாது. இரண்டும் எப்படி இணைகின்றன என்பது விளங்காவிட்டாலும், விளங்கிய அளவில் நில்லுங்கள். மிச்சத்துக்காகச் செபியுங்கள் என்பது அவர் தந்த வழி. இதோடு 'அருளும் மனச்சுதந்திரமும்' என்னும் நூலையும் எழுதிக் கொடுத்தார்.

பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடவில்லை. மடத்தில் இருந்த ஒருவர், பெயர் தெரியாத ஒருவர், நூலைக் கேட்டுவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்டார் என்னும் செய்தி இப்போவுக்கு எட்டியது. 'நான் நல்லவனாக இருப்பது இறைவனுடைய கொடை என்றால், நான் நல்லவனாக இல்லாதபோது என்னை ஏன் கண்டிக்கிறீர்? செய்ய வேண்டியதை எனக்குச் சொல்லுங்கள், நான் அதைச் செய்யும்படி எனக்காக இறைவனிடம் மன்றாடுங்கள், செய்யாவிட்டால் கண்டிக்காதீர்கள். எனக்குக் கிடைக்காத ஒன்றுக்காக என்னைக் குற்றம் சொல்வது எப்படி நியாயம்?' அவர் கேட்டதன் சாரம் இதுதான்.

இதைச் சோம்பேறித் துறவி ஒருவரின் சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிடலாம். பலர் அப்படித்தான் ஒதுக்கினர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னால் மாற முடியவில்லை என்பதைப் பலமுறை முயன்று அறிந்த ஒருவனே இவ்வளவு கூர்மையாகக் கேட்க முடியும். அகுஸ்தினாரும் அதை ஒதுக்கவில்லை. 427-ஐ ஒட்டி, அந்த ஒரு கேள்விக்கென்றே 'கண்டிப்பும் அருளும்' என்னும் தனி நூலை எழுதினார்.

அவர் சொன்ன விடையின் நடுவில் இருப்பது மருத்துவ உவமை. நீ கண்டிக்கப்பட விரும்பாததே நீ கண்டிக்கப்பட வேண்டியதற்குக் காரணம் என்கிறார். புண்ணைத் தொட்டால் வலிக்கும்; வலித்தால்தான் நோயாளி மருத்துவரைத் தேடுவான். கட்டளையிலிருந்து நம்மிடம் என்ன இருக்க வேண்டும் என்பதை அறிகிறோம். கண்டிப்பிலிருந்து அது நம் குற்றத்தால் நம்மிடம் இல்லை என்பதை அறிகிறோம். செபத்திலிருந்து அது எங்கிருந்து வரும் என்பதை அறிகிறோம். கண்டிப்பவன், தன் சொல்தான் அடுத்தவனை மாற்றும் என்று எண்ணிக் கண்டிப்பதில்லை. அந்தச் சொல்லையும் இறைவன் தம் கருவியாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்றே கண்டிக்கிறான். யார் மீட்புப் பெறுவார், யார் பெறமாட்டார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே எல்லாரும் பெற வேண்டும் என்னும் அன்போடுதான் எல்லாரையும் திருத்த வேண்டும். குற்றத்தின் அளவுக்குத் தக்கபடி கண்டிப்பின் அளவும் வேறுபட வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார்.

இங்கே அகுஸ்தினாரின் மனத்தில் யார் முகம் நின்றிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. தம் 'அறிக்கைகள்' நூலின் ஒன்பதாம் பகுதியில், தம் தாய் மோனிக்கம்மாளின் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை அவர் சொல்லியிருக்கிறார். தெய்வபயமுள்ள வீட்டில் வளர்ந்த பெண். நிலவறைக்குப் போய்ச் சாடியிலிருந்து திராட்சை மது எடுத்து வரும் வேலை அவளுக்கு. முதலில் விளையாட்டாக உதட்டில் நனைத்துப் பார்த்தாள். நாளுக்கு நாள் ஒரு துளி கூடியது. நாளடைவில் ஏறத்தாழ முழுக் கிண்ணத்தையே குடித்துவிடும் பழக்கமாயிற்று. பெற்றோருக்கும் தெரியாது, கண்டிப்புக்குப் பெயர்போன முதிய பணிப்பெண்ணுக்கும் தெரியாது. ஒருநாள், உடன் வரும் இளம் வேலைக்காரிக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை. வேலைக்காரி ஆத்திரத்தில் 'குடிகாரி' என்று ஏசிவிட்டாள். அந்தச் சொல் முள்போல் தைத்தது. மோனிக்கா தன் நிலையைக் கண்டாள், அன்றோடு விட்டாள்.

வேலைக்காரி திருத்த வேண்டும் என்று சொல்லவில்லை, புண்படுத்தவே சொன்னாள். இருந்தும் அந்தச் சொல் மருந்தாயிற்று. ஒருவருடைய கோபத்தைக் கொண்டு இன்னொருவரை இறைவன் குணமாக்கினார். ஆகவே தன் சொல்லால் இன்னொருவர் திருந்தினார் என்று எவரும் பெருமை கொள்ள வேண்டாம் என்று மகன் அதற்கு விளக்கம் எழுதுகிறார். அப்படியானால் மதுவை விட்டது யார்? மோனிக்காதான் விட்டாள். அருளும் அவள் சித்தமும் அந்த ஒரு கணத்தில் எங்கே பிரிகின்றன என்று கோடு கிழித்துக் காட்ட நம்மால் இயலாது.

சிலுவைப்பாதைக்குப்பின் வந்த அந்தப் பெண்மணியிடம், அடுத்த வாரம், இந்த நிகழ்ச்சியைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்த வேலைக்காரிப் பெண் ஒரே ஒரு தடவைதானே ஐயா சொன்னாள். நான் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அகுஸ்தினாரே இதை அறியாதவர் அல்லர். அதே 'அறிக்கைகள்' நூலின் எட்டாம் பகுதியில், பழக்கம் எப்படிச் சங்கிலியாகிறது என்பதை அவர் தம் சொந்த வாழ்க்கையிலிருந்து காட்டுகிறார். பிறழ்ந்த சித்தத்திலிருந்து இச்சை பிறக்கிறது. இச்சைக்கு ஊழியம் செய்யச் செய்யப் பழக்கம் பிறக்கிறது. பழக்கத்தை எதிர்க்காது விட்டால் அது கட்டாயமாகிவிடுகிறது. அவரைக் கட்டியிருந்தது பிறருடைய இரும்பு அன்று. அவருடைய சித்தமே இரும்பாய் இறுகியிருந்தது. குடிநோயைப் பற்றி இன்றைய மருத்துவர்கள் சொல்வதற்கு இது வெகு தொலைவில் இல்லை.

அவரை நாம் வானளாவப் புகழ்ந்துகொண்டே போகவும் இயலாது. தோனாத்தியர் என்னும் பிரிவினரை அரசாங்கத்தின் கையைக் கொண்டு திருச்சபைக்குள் திருப்பலாம் என்று 408-ஐ ஒட்டிய கடிதம் ஒன்றில் அவர் வாதாடினார். கண்டிப்பு மருந்து என்று சொன்னவரே மருந்தைப் படைவீரனிடம் கொடுத்ததையும் வரலாறு குறித்துவைத்திருக்கிறது. முன்குறித்தலைப் பற்றி அவர் தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய கடுமையான பகுதிகளையெல்லாம் திருச்சபை தன் போதனையாக ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 529-இல் ஓராஞ்சு நகரில் கூடிய சங்கம் அருளின் முதன்மையை அவர் வழியில் நின்றே அறிக்கையிட்டது. ஆனால் இறைவன் எவரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதை வன்மையாக மறுத்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் அதே நெருப்பு மீண்டும் மூண்டது. 1524-இல் எராஸ்முஸ் மனச்சுதந்திரத்தை ஆதரித்து எழுத, 1525-இல் மார்ட்டின் லூத்தர் 'அடிமைப்பட்ட சித்தம்' என்னும் கருத்தை முன்வைத்து மறுப்பு எழுதினார். திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட ஆணையில், ஆதாமின் பாவத்தால் மனச்சுதந்திரம் அழிந்துவிடவில்லை என்றும், இறைவன் தூண்டும்போது மனிதன் இசையவும் மறுக்கவும் வல்லவன் என்றும் வரையறுத்தது. வல்லவன் என்றது, எப்படி வல்லவன் என்று சொல்லவில்லை. அந்த 'எப்படி' என்னும் சிறிய சொல்லில்தான் அடுத்த அரை நூற்றாண்டு எரிந்தது.

1582-இல் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் நடந்த விவாதம் ஒன்றில், இயேசு சபையைச் சேர்ந்த புருதென்சியோ தெ மொந்தெமாயோர் கேள்வி ஒன்றை எழுப்பினார். சாகும்படி கிறிஸ்துவுக்குத் தந்தை கட்டளையிட்டிருந்தார் என்றால், கிறிஸ்து மீற முடியாதவர் என்றால், அவருடைய மரணம் எப்படிச் சுதந்திரமானது? சுதந்திரமானது அல்ல என்றால் அதில் பேறுபலன் ஏது? நம்முடைய மீட்பின் வேரையே தொடும் வினா. சாமிநாதர் சபையின் பேராசிரியரும், புனித அவிலா தெரேசம்மாளின் ஆன்ம குருவாக இருந்தவருமான தொமிங்கோ பாஞெஸ் எழுந்து எதிர்த்தார். விசாரணை வந்தது, மொந்தெமாயோர் பாடம் நடத்தத் தடைவிதிக்கப்பட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1588-இல், இயேசு சபைக் குரு லூயிஸ் தெ மோலினா எழுதிய 'இசைவு' என்னும் பெருநூல் லிஸ்பன் நகரில் அச்சாயிற்று. இறைவனின் முன்னறிவும் மனிதனின் சுதந்திரமும் எவ்வாறு இசைகின்றன என்பதே அதன் பொருள். நடக்கக்கூடியவற்றையும், நடக்கப்போகிறவற்றையும் இறைவன் அறிவார் என்பது அனைவருக்கும் உடன்பாடு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஓர் அறிவும் அவருக்கு உண்டு என்றார் மோலினா: இன்ன மனிதன் இன்ன சூழ்நிலையில் வைக்கப்பட்டால், தானே சுதந்திரமாக எதைத் தெரிந்துகொள்வான் என்னும் அறிவு. இதை விளக்க அவர் தரப்பினர் எடுத்துக்காட்டும் விவிலியப் பகுதி சுவையானது. முதலாம் சாமுவேல் நூலின் 23-ஆம் அதிகாரத்தில், தாவீது கெயிலா என்னும் ஊரில் தங்கியிருக்கிறார். சவுல் இங்கே வருவாரா என்று ஆண்டவரிடம் கேட்கிறார். வருவான் என்று விடை. இவ்வூரார் என்னைக் காட்டிக்கொடுப்பார்களா? கொடுப்பார்கள். உடனே தாவீது வெளியேறிவிடுகிறார். சவுல் வரவில்லை, எவரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நடக்காமலே போன ஒன்றை, மனிதர் தம் விருப்பப்படி செய்திருக்கக்கூடிய ஒன்றை, ஆண்டவர் அறிந்திருந்தார் அல்லவா?

பாஞெசுக்கு இது ஆபத்தாகத் தோன்றியது. அப்படியானால் இறைவன் மனிதனுடைய முடிவைப் பார்த்துத் தம் அருளை வகுப்பவர் ஆகிவிடுகிறார்; முதற்காரணர் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகிறார். புனித அக்குவினாஸ் தோமாவைத் தாம் புரிந்துகொண்டபடி அவர் போதித்தது வேறு: படைப்பு எதுவும் இறைவன் முதலில் இயக்காமல் இயங்காது, ஆனால் அவர் ஒவ்வொன்றையும் அதனதன் இயல்புக்கு ஏற்ப இயக்குகிறார். கல்லைக் கல்லாக இயக்குகிறார். சித்தத்தைச் சித்தமாக, அதாவது சுதந்திரமாக, இயக்குகிறார். இறைவன் இயக்குவதால் சுதந்திரம் குறைவதில்லை; அதனால்தான் அது சுதந்திரமாகவே இருக்கிறது.

படிக்கும்போது இரண்டும் நியாயமாகவே தோன்றுகின்றன. ஸ்பெயின் நாட்டிலோ இரண்டு சபையாரும் பிரசங்க மேடைகளிலிருந்து ஒருவரை ஒருவர் தாக்கிக்கொண்டனர். ஒரு பக்கத்தார் மற்றவரைப் பெலாஜியர் என்றனர்; மற்றவர் இவரைக் கால்வினியர் என்றனர். வழக்கு உரோமைக்குப் போயிற்று. திருத்தந்தை எட்டாம் கிளமெந்து 1602-இல் தம் முன்னிலையிலேயே வாதங்களை நடத்தத் தொடங்கினார். அவர் முன்னிலையில் 68 அமர்வுகள். முதிய வயதில், அகுஸ்தினாரின் நூல்களை வைத்துக்கொண்டு, ஒரு மாணவரைப் போல அவர் படித்தார். இதை வரையறுக்காமல் விடுவதே நன்று என்று கர்தினால் இராபர்ட் பெல்லார்மின் ஆலோசனை சொன்னார்; அவர் 1602-இல் காப்புவா நகரின் பேராயராக உரோமையைவிட்டு அனுப்பப்பட்டதற்கு இந்த வாதமும் ஒரு காரணம் என்பர். 1605 மார்ச்சில், தீர்ப்புச் சொல்லாமலே கிளமெந்து இறந்தார். பின்னர் வந்த ஐந்தாம் பவுல் இன்னும் 17 அமர்வுகள் கேட்டார். 1607 ஆகஸ்டு 28 அன்று, புனித அகுஸ்தினாரின் திருநாளில், கர்தினால்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். முடிவு செப்டம்பரில் இரு சபைகளுக்கும் அறிவிக்கப்பட்டது. உரிய காலத்தில் திருப்பீடம் தீர்ப்புச் சொல்லும். அதுவரை ஒரு தரப்பார் மற்றவரைப் பழிக்கக் கூடாது. அந்த 'உரிய காலம்' இன்றுவரை வரவில்லை.

எண்பத்தைந்து அமர்வுகளுக்குப்பின் மௌனமா என்று நகைப்பவர் உண்டு. நாமும் இளமையில் நகைத்தோம். இன்று அப்படி எண்ணவில்லை. திருத்தந்தை அப்போது கருத்துக் கேட்டவர்களுள் ஜெனீவாவின் ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியாரும் ஒருவர். முன்குறித்தல் என்னும் சொல் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அவர் தம் உடலாலேயே அறிந்தவர். 1586-87 காலத்தில், ஏறத்தாழ பத்தொன்பது வயது மாணவராகப் பாரிசில் படித்தபோது, தாம் நரகத்துக்கே முன்குறிக்கப்பட்டவர் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் இழந்தார், உடல் இளைத்தது. ஒருநாள் புனித ஸ்தேவான் ஆலயத்தில் மரியன்னையின் கரிய திருவுருவத்தின் முன் முழந்தாளிட்டார். மறுவுலகில் உம்மை நேசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றால், இவ்வுலகில் இருக்கும்வரையாவது உம்மை நேசிப்பேன் என்னும் முடிவோடு இறைவனிடம் தம்மைக் கையளித்தார். அச்சம் அவரைவிட்டு அகன்றது. இறைவன் அவரை அந்த ஆலயத்துக்கு இழுத்தாரா, அவரே போனாரா? அவரிடம் கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஆம் என்றிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த வாதங்களின் தூசி நம் மண்ணிலும் சிறிது படிந்திருக்கிறது. உரோமையில் இந்தப் பேச்சு சூடாக இருந்த ஆண்டுகளிலேயே அங்கே இறையியல் பயின்ற இயேசு சபை இளைஞர் ஒருவர், 1605-இல் கோவா வந்து, 1606-இல் மதுரை சேர்ந்தார். அவரே தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி. மறுபிறவிக் கொள்கையை மறுக்கும் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்னும் நூல் அவர் பெயரால் வழங்குகிறது. முற்பிறவி வினை என்றும் தலையெழுத்து என்றும் பேசிய மக்களிடையே, மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளி என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தவருக்கு, அந்த உரோமைப் பயிற்சி வீண்போயிராது. ஆனால் தமிழ்மண் விதியை மட்டுமே பேசிய மண் என்று அவர் வழி வந்தோர் சிலர் எண்ணியது சரியன்று. ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே, 'ஆள்வினையுடைமை' என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, தளராதவன் ஊழையும் வெல்வான் என்கிறார். இரண்டையும் இணைக்கும் பாலம் எது என்று அவரும் சொல்லவில்லை.

நம் காலத்தில் வழக்கு ஆய்வுக்கூடத்துக்கு மாறியிருக்கிறது. 1983-இல் அமெரிக்க ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் ஓர் ஆய்வை வெளியிட்டார். விரும்பும்போது கையை அசைக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களின் மூளையில், அசைப்பதற்கு ஏறத்தாழ அரை நொடிக்கு முன்பே ஆயத்த மின்னலை எழுந்தது. அசைக்க வேண்டும் என்னும் எண்ணத்தை அவர்கள் உணர்ந்ததோ ஏறத்தாழ 0.2 நொடிக்கு முன்புதான். ஆகவே நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது, சுதந்திரம் வெறும் மயக்கம் என்று பலர் எழுதினர். அந்த மின்னலை முடிவைக் குறிப்பதன்று, மூளையின் இயல்பான ஏற்றத்தாழ்வே அவ்வாறு தோன்றுகிறது என்று 2012-இல் வேறு ஆய்வாளர்கள் விளக்கம் தந்தனர். விரலை அசைப்பதும், சம்பளப் பணத்தோடு மதுக்கடை வாசலைத் தாண்டி வீட்டுக்கு நடப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தப் பெண்மணி எந்த ஆய்வாளரைக் காட்டிலும் நன்கு அறிவார்.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, இவ்விடத்தில் நிதானமாகப் பேசுகிறது. அறியாமை, கவனக்குறைவு, வன்செயல், அச்சம், பழக்கம், அளவுமீறிய பற்றுகள், இன்னும் பிற உளவியல், சமூகக் காரணங்கள் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், நீக்கிவிடவும் செய்யலாம் என்று 1735-ஆம் எண்ணில் படிக்கிறோம். பொறுப்பு உண்டு அல்லது இல்லை என்பதல்ல, கூடும், குறையும். ஒருவரிடம் இன்று எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் தராசு அயலாரிடம் இல்லை, மனைவியிடமும் இல்லை.

நமக்கு வியப்பளிப்பது இன்னொன்று. 1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளர் இருவரின் சந்திப்பில் தொடங்கி, பின் உலகெங்கும் பரவிய பெயரறியாக் குடிநோயாளர் கூட்டங்களில் பன்னிரண்டு படிகள் உண்டு. முதற்படி, மதுவின் முன் நான் ஆற்றலற்றவன் என்று ஒப்புக்கொள்வது. நான்காம் படியோ, தன் வாழ்க்கையை அச்சமின்றி அறநோக்கில் கணக்கெடுப்பது. பின்னர், தான் தீங்கு செய்தவர்களின் பட்டியலை எழுதி, இயன்றவரை ஈடு செய்வது. ஆற்றலற்றவன் ஏன் கணக்குக் கொடுக்க வேண்டும்? தருக்கத்தில் இது பொருந்தாது. ஆனால் அப்படிகளில் ஏறியவர்கள் பலர் குடியை விட்டிருக்கிறார்கள். ஹத்ருமேத்துமின் பெயரற்ற துறவி இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், அவர் கேள்வியை யாரும் அங்கே சாக்குப்போக்கு என்று சொல்லியிருக்கமாட்டார்கள். எழுந்து போகவும் விட்டிருக்கமாட்டார்கள்.

அந்தத் துறவி என்ன ஆனார் என்பதற்குக் குறிப்பு இல்லை. சில ஆண்டுகளில் வாந்தாலர் படை ஆப்பிரிக்காவைச் சூழ்ந்தது. 430-இல், இப்போ முற்றுகையிடப்பட்டிருந்தபோது, அகுஸ்தினார் இறந்தார். அதற்கு முன், தாம் எழுதிய 93 நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திருத்தக் குறிப்பு எழுதினார். அந்த வரிசையின் கடைசியில் நிற்பது 'கண்டிப்பும் அருளும்'.

அந்தப் பெண்மணியின் கணவர் பக்கத்துப் பங்கில் வாரந்தோறும் கூடும் குழுவுக்கு மூன்று முறை போய்வந்தார். நான்காம் வாரம் போகவில்லை. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்மையார் இதை நம்மிடம் சொன்னார். கண்டித்தீர்களா என்று கேட்டோம். கண்டித்ததாகச் சொன்னார். கண்டித்துவிட்டுச் சோறும் போட்டாராம்.